எஸ்ஓபி எழுதுவது எப்படி: அமெரிக்க மேற்படிப்புக்கு முதன்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு

அமெரிக்காவில் எம்எஸ், பிஎச்டி படிக்க விண்ணப்பிக்கிற நம் பிள்ளைகளில் பலர் ஜிஆர்இ, டோஃபல் தேர்வுகள் என்று மாதக்கணக்கில் மாய்ந்து மாய்ந்து படித்துவிட்டு, எஸ்ஓபியை (ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ், அதாவது ஏன் படிக்க வருகிறோம் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் கட்டுரை) மட்டும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். இரண்டு பக்கம்தானே, ஒரு ராத்திரியில் முடித்துவிடலாம் என்ற நினைப்பு. அப்புறம் கெடுவுக்கு முந்தின நாள் சீனியருக்கு வாட்ஸ்அப்பில் 'அண்ணா, உங்க எஸ்ஓபி கொஞ்சம் அனுப்புங்களேன்' என்று கேட்டு, அதில் பேரையும் ப்ராஜெக்டையும் மாற்றி ஏற்றிவிடுவது. அப்படிச் செய்ய வேண்டாம் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் இறுதியாண்டு படிக்கிற ஒருவரை மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் சயின்ஸ், ஆர்ட்ஸ் படித்தவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

ஒரு விஷயத்தை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான். உங்களுக்கு ஆர்வம் இருக்கிறது என்று எஸ்ஓபியில் நிரூபிக்கத் தேவையில்லை. ஆர்வம் இல்லாதவர் யாரும் ஒரு விண்ணப்பத்துக்கு நூறு டாலர் அளவில் பணம் கட்ட மாட்டார் (ஸ்டான்ஃபோர்டில் 125 டாலர்). எஸ்ஓபியைப் படிக்கிற பேராசிரியர் தெரிந்துகொள்ள நினைப்பது, ஒரு வேலையை உங்கள் கையில் கொடுத்து அது பாதியில் சொதப்பினால் உங்கள் மூளை எந்தப் பக்கம் ஓடும் என்பதைத்தான். அதை அவருக்குக் காட்ட, நீங்கள் செய்த ஏதோ ஒரு வேலையை மிக அருகில் கொண்டுபோய்க் காட்டினால் போதும்.

கேள்வியை முழுசாகப் படியுங்கள்

எஸ்ஓபி, பர்சனல் ஸ்டேட்மென்ட் இரண்டும் ஒன்று என்று நினைத்து ஒரே ஃபைலை இரண்டு இடத்திலும் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பெர்க்லி மாதிரி சில இடங்களில் இரண்டும் தனித்தனியாகக் கேட்பார்கள். பொதுவாக, எஸ்ஓபி என்பது நீங்கள் என்ன படித்தீர்கள், என்ன செய்தீர்கள், அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள், அதற்கு ஏன் இந்தத் துறை என்பதைச் சொல்வது. பர்சனல் ஸ்டேட்மென்ட் என்பது நீங்கள் எந்தச் சூழலிலிருந்து வருகிறீர்கள், அது உங்களை எப்படி வளர்த்தது என்பதைச் சொல்வது. 'பொதுவாக' என்று ஏன் இழுக்கிறேன் என்றால், சில துறைகள் பர்சனல் ஸ்டேட்மென்ட் என்று தலைப்புப் போட்டுவிட்டுக் கீழே கேட்பதெல்லாம் எஸ்ஓபி விஷயமாகவே இருக்கும். ஆகவே தலைப்பை விட்டுவிட்டு அதன் கீழே இருக்கிற நான்கு வரியைப் படியுங்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் கேள்வியையும் அப்படியே காப்பி செய்து ஒரே ஷீட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே அளவையும் குறித்துவிடுங்கள்: சிலர் 500 வார்த்தை என்பார்கள், சிலர் 1000, சிலர் இரண்டு பக்கம். சிலர் பிடிஎஃப் கேட்க மாட்டார்கள், ஆன்லைன் படிவத்திலேயே ஒரு பெட்டி கொடுத்து அதில் எழுத்து எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு வைத்திருப்பார்கள். அளவைத் தாண்டினால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை, ஆனால் பெட்டி உங்கள் கடைசிப் பத்தியைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும்.

ஜெர்மனிக்கும் சேர்த்து விண்ணப்பிக்கிறவர்கள் கவனிக்க: அங்கே கேட்கிற மோட்டிவேஷன் லெட்டர் பெரும்பாலும் ஒன்றிரண்டு பக்கத்துக்குள் முடிகிற, பாடத்திட்டத்தோடு ஒட்டிய கடிதம். அமெரிக்க எஸ்ஓபியை அப்படியே அனுப்பினால் பொருந்தாது.

காலண்டரைப் பின்னாலிருந்து போடுங்கள்

அமெரிக்காவில் ஃபால் செமஸ்டர் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும். அதற்கான கெடு அதற்கு முந்தின டிசம்பரிலேயே வந்துவிடும்: பிஎச்டிக்குப் பெரும்பாலும் டிசம்பர் 1 அல்லது 15, எம்எஸ்ஸுக்குச் சில இடங்களில் ஜனவரி, பிப்ரவரி வரைக்கும். நம் ஊரில் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளுக்கு நவம்பர், டிசம்பரில்தான் செமஸ்டர் பரீட்சை. இரண்டும் ஒரே நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும், போதாக்குறைக்கு அது வடகிழக்குப் பருவமழைக் காலம், பரீட்சை தள்ளிப்போகும், கரண்ட் போகும். ஆகவே செப்டம்பரில் முதல் வரைவு, அக்டோபர் பாதிக்குள் ஓரளவு தேறிய வரைவு, நவம்பரில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் மாறுகிற பகுதி மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரிந்துரைக் கடிதம் தரப்போகும் ஆசிரியர்களிடம் செப்டம்பரிலேயே சொல்லிவிடுங்கள்.

எழுதுவதற்கு முன் தமிழில் பேசிப் பாருங்கள்

இது கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் நான் பார்த்தவரையில் மற்ற எந்த உத்தியையும்விட இதுதான் வேலை செய்கிறது. லேப்டாப்பைத் திறந்து ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தால் கை தானாக 'ஐ ஆம் வெரி பேஷனேட்' என்று போட ஆரம்பித்துவிடும். நம் எல்லாருக்கும் ஆங்கிலத்தில் அலங்காரமாக எழுதத்தான் பழக்கியிருக்கிறார்கள், நடந்ததைச் சொல்லப் பழக்கவில்லை. அதே ஆளைத் தமிழில் பேசவிட்டால் ப்ராஜெக்டில் என்ன நடந்தது என்பதைக் கடகடவென்று சொல்லிவிடுவார்.

நண்பர் ஒருவரை எதிரில் உட்காரவைத்து, போனில் ரெக்கார்டரை ஓடவிடுங்கள். அவர் மூன்றே மூன்று கேள்விதான் கேட்க வேண்டும்: என்ன செஞ்சே? ஏன் அப்படிச் செஞ்சே? அப்புறம் என்ன ஆச்சு? இதையே திரும்பத் திரும்பக் கேட்கட்டும். டெக்னிக்கல் வார்த்தைகள் ஆங்கிலத்தில் வருவதைப் பற்றிக் கவலை வேண்டாம், நாம் அப்படித்தானே பேசுகிறோம். முடிந்ததும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதில் முக்கால்வாசி குப்பைக்குப் போகும். மிச்சம் இருப்பதுதான் எஸ்ஓபி.

ஒரு பத்தியைப் பிரித்துப் பார்ப்போம்

சிவில் படிக்கும் மாணவி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஜியோபாலிமர் கான்கிரீட்டில் இறுதியாண்டு ப்ராஜெக்ட். சிமென்டுக்குப் பதிலாக அனல்மின் நிலையச் சாம்பலை, அதாவது ஃப்ளை ஆஷை, சோடியம் ஹைட்ராக்சைடு, சோடியம் சிலிக்கேட் கரைசல்களோடு கலந்து வார்ப்பது. நம் ஊர் சிவில் கல்லூரிகளில் அடிக்கடி பார்க்கிற தலைப்புதான். அவர் முதலில் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும் (ஆங்கிலத்தில்தான் எழுதுவார், இங்கே தமிழில் தருகிறேன்):

"சிமென்ட் உற்பத்தியால் சுற்றுச்சூழல் பெரிதும் பாதிக்கப்படுகிறது. எனவே ஜியோபாலிமர் கான்கிரீட்டை என் இறுதியாண்டு ப்ராஜெக்டாகத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் பேராசிரியரின் சீரிய வழிகாட்டுதலில் நால்வர் குழுவாகச் செயல்பட்டு நல்ல முடிவுகளைப் பெற்றோம். குழுவாக இயங்கும் திறனையும் தலைமைப் பண்பையும் இந்த ப்ராஜெக்ட் எனக்குக் கற்றுத் தந்தது."

இதில் தப்பு எதுவும் இல்லை, ஆனால் இதே நான்கு வாக்கியத்தை எந்த ப்ராஜெக்டுக்கும் போடலாம். தலைப்பை மாற்றினால் சோலார் வாட்டர் ஹீட்டருக்கும் சரியாக இருக்கும். இப்போது அவரைப் பேசவிடுவோம் (க்யூப் என்பது வலிமையைச் சோதிக்க வார்க்கிற கான்கிரீட் கட்டி).

"க்யூப் போட்டீங்களா?"

"போட்டோம்க்கா. மறுநாள் மோல்டைக் கழட்டினா ஓரமெல்லாம் உதிர்ந்து கையோட வந்துடுச்சு."

"ஏன்?"

"நாங்க எடுத்தது கால்சியம் கம்மியா இருக்கிற ஃப்ளை ஆஷ். அது ரூம் டெம்பரேச்சர்ல ரொம்ப மெதுவாத்தான் இறுகும். ரிசர்ச் பேப்பர்ல எல்லாரும் 60 டிகிரில ஓவன்ல வெச்சிருக்காங்க. எங்க லேப்ல இருக்கிற ஓவன்ல ஒரு க்யூப்கூட ஒழுங்கா நுழையாது."

"அப்புறம்?"

"ஜிஜிபிஎஸ், அதான் இரும்பாலைக் கசடு, கொஞ்சம் கொஞ்சமா கலந்து பார்த்தோம். ஸ்ட்ரெங்த் ஏறுச்சு, ஆனா படபடன்னு இறுக ஆரம்பிச்சிடுச்சு, மோல்ட்ல ரொப்பறதுக்குள்ள கல்லாயிடும்."

பாருங்கள், உயிர் இருப்பதெல்லாம் இந்தப் பேச்சில்தான். தலைமைப் பண்பு என்ற வார்த்தையே வரவில்லை. இதை எழுத்தாக்கினால்:

"24 மணி நேரம் கழித்து மோல்டைப் பிரித்தபோது எங்கள் முதல் க்யூப்களின் ஓரங்கள் உதிர்ந்தன. நாங்கள் பின்பற்றிய கலவை விகிதம், 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பதப்படுத்திய ஆய்வுகளிலிருந்து எடுத்தது. 150 மில்லிமீட்டர் க்யூப்களை அப்படி வைக்கும் வசதி எங்கள் ஆய்வகத்தில் இல்லை. கால்சியம் குறைந்த ஃப்ளை ஆஷ் அறை வெப்பத்தில் மெதுவாகவே இறுகும் என்பதால், அதில் ஒரு பகுதியை இரும்பாலைக் கசடான ஜிஜிபிஎஸ்ஸால் மாற்றி மூன்று விகிதங்களில் வார்த்தோம். கலவை வடிவமைப்பும் அழுத்த வலிமைச் சோதனையும் என் பொறுப்பு. ஜிஜிபிஎஸ் கூடக்கூட வலிமை ஏறியது, ஆனால் வார்ப்பதற்குக் கிடைக்கும் நேரம் சுருங்கியது. ஓவன் இல்லாத ஒரு சாதாரணக் கட்டடத் தளத்தில் இந்த இரண்டையும் எப்படிச் சமன்செய்வது என்பதற்கு எங்கள் ப்ராஜெக்டில் விடை கிடைக்கவில்லை. அந்தக் கேள்வியோடுதான் விண்ணப்பிக்கிறேன்."

இதைப் படிக்கிற பேராசிரியருக்கு நாலைந்து விஷயம் ஒரே மூச்சில் தெரிந்துவிடுகிறது. இந்தப் பெண் பேப்பர்களைப் படித்திருக்கிறாள், அவற்றில் இருக்கிற நிபந்தனை தன் லேப்புக்குப் பொருந்தாது என்பதைக் கண்டுபிடித்திருக்கிறாள், இருப்பதை வைத்து வழி தேடியிருக்கிறாள், நான்கு பேர் குழுவில் எது தன் வேலை என்று நேர்மையாகப் பிரித்துச் சொல்கிறாள், எது முடியவில்லை என்பதையும் மறைக்கவில்லை. கடைசிக் கேள்வி இயல்பாகவே 'ஏன் மேற்படிப்பு' என்பதற்கும் பதிலாகிவிட்டது. சோதனை முடிவு எண்கள் கையில் இருந்தால், 28 நாள் வலிமை இத்தனை என்று ஒன்றிரண்டு எண்களைப் போடலாம், அட்டவணை மாதிரி அடுக்க வேண்டாம்.

கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களுக்கும் இதே கதைதான். இலை நோயைப் படத்திலிருந்து கண்டுபிடிக்கும் ப்ராஜெக்ட் செய்யாத கல்லூரி இல்லை, எல்லாரும் '98 சதவீதத் துல்லியம்' என்று எழுதுவார்கள். துறையில் இருப்பவருக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் சந்தேகம்தான் வரும். பிளான்ட்வில்லேஜ் என்ற இலைப் படத்தொகுப்பை வைத்து 2016-ல் வெளியான ஆய்விலேயே, அதே தொகுப்பில் 99 சதவீதத்துக்கு மேல் வந்த துல்லியம் வேறு சூழலில் எடுத்த படங்களில் 31 சதவீதம் அளவுக்கு விழுந்துவிட்டது. உங்கள் மாடலைத் தோட்டத்தில் போனில் எடுத்த படங்களில் ஓட்டிப் பார்த்தீர்களா, எங்கே உதைத்தது, ஏன் என்று நினைக்கிறீர்கள்? அதை எழுதுங்கள். 98-ஐவிட அது எவ்வளவோ மேல்.

ப்ராஜெக்ட் உருப்படியாக எதுவும் இல்லை, வெளியே காசு கொடுத்து வாங்கியது என்றால்? அதைப் பற்றி எழுதவே எழுதாதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். உங்களை உண்மையிலேயே தூங்கவிடாமல் செய்த ஒரு லேப் பரிசோதனை, ஒரு அசைன்மென்ட், இன்டர்ன்ஷிப்பில் சரிசெய்த ஒரு சின்னப் பிழை, இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. ஐடி கம்பெனியில் இரண்டு மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு விண்ணப்பிக்கிறவர்களும் அப்படித்தான்: கிளையன்ட் பெயரை, ரகசியமான விவரங்களைத் தொடாமல், நீங்கள் எடுத்த ஒரு முடிவு, அதற்கான காரணம், அதன் விளைவு.

முதல் பத்தியைக் கடைசியில் எழுதுங்கள்

சின்ன வயதில் ரிமோட் காரைப் பிரித்துப் போட்டது வேண்டாம். அப்துல் கலாம் மேற்கோள் வேண்டாம், அவர் மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும். இன்றைய வேகமான உலகில் தொழில்நுட்பம் எப்படி வளர்ந்திருக்கிறது என்பதும் வேண்டாம், படிக்கிறவர் அந்தத் தொழில்நுட்பத்தை உருவாக்குகிற கூட்டத்தில் ஒருவர். நடுப்பகுதியை எழுதி முடித்த பிறகு திரும்பிவந்து மூன்று நான்கு வாக்கியத்தில் நேராகச் சொல்லுங்கள்: எந்தப் பட்டத்துக்கு, எந்தத் துறையில், எந்தக் கேள்வியை அல்லது எந்தப் பகுதியைப் படிக்க வருகிறேன், அது எங்கிருந்து தொடங்கியது. பெட்டி பெட்டியாக விண்ணப்பங்களைப் படிக்கிற ஆள் அந்த நான்கு வரியிலேயே உங்களை எந்தப் பேராசிரியரின் மேசைக்கு அனுப்பலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

அரியர், குறைந்த மார்க்

மார்க் பட்டியலில் இருப்பதை மறைக்க முடியாது. ஆனால் அதற்காக ஒரு பக்கம் ஒப்பாரி வைக்கவும் கூடாது. இரண்டு வாக்கியம் போதும்: என்ன நடந்தது, அதற்குப் பிறகு என்ன மாறியது. உதாரணமாக, "பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்ததால் முதலாண்டுப் பாடங்களை ஆங்கிலத்தில் பின்தொடரச் சிரமப்பட்டு இரண்டு பாடங்களில் தேர்ச்சி பெறவில்லை. மூன்றாம் செமஸ்டரிலிருந்து என் சிஜிபிஏ 8-க்குக் கீழே இறங்கவில்லை." காலேஜ் சரியில்லை, வேல்யுவேஷன் சரியில்லை என்று எழுதாதீர்கள். உண்மையாகவே இருந்தாலும் அது புகார் மாதிரிதான் கேட்கும். ஒரே ஒரு அரியர், அதுவும் துறைக்குச் சம்பந்தமில்லாத பாடத்தில் என்றால், பேசாமல் விட்டுவிடலாம்.

இன்னொன்று: அரியர், லேட்டரல் என்ட்ரி, பாலிடெக்னிக் டிப்ளமோ போன்றவை அங்கே இருப்பவர்களுக்குப் புரியாது. அரை வாக்கியத்தில் விளக்கிவிடுங்கள். சிஜிபிஏவை எழுதும்போது பத்துக்கு எத்தனை என்று போடுங்கள். அங்கே வழக்கத்தில் இருப்பது நான்குக்கு என்ற கணக்கு. நீங்களாக நான்குக்கு மாற்றிப் போடாதீர்கள், அவர்கள் கேட்டால் ஒழிய.

ஏன் இந்தப் பல்கலைக்கழகம்

எல்லாரும் சொதப்புகிற பத்தி இது. 'உலகத் தரம் வாய்ந்த ஆய்வகங்கள், புகழ்பெற்ற பேராசிரியர்கள், பன்முகக் கலாச்சாரம்' என்று எழுதினால் அது எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் பொருந்தும். அப்படிப் பொருந்துகிற வாக்கியம் எதுவும் இந்தப் பத்தியில் இருக்கக் கூடாது.

ஒரு பல்கலைக்கழகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். துறையின் தளத்தில் பேராசிரியர் பட்டியலைத் திறந்து, உங்கள் கேள்விக்கு அருகில் இருக்கிற இரண்டு மூன்று பேரைப் பிடியுங்கள். ஒவ்வொருவருடைய லேப் பக்கத்துக்கும் போய்க் கடைசி இரண்டு மூன்று வருஷத்தில் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். பத்து வருஷம் முன்னால் வந்த பிரபலமான பேப்பரைப் புகழ்ந்து எழுதினால், அவர் அந்தத் தலைப்பை விட்டே போயிருப்பார். ஓய்வு பெற்றவர், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறியவர் பெயரைப் போட்டுவிட்டால் அந்தப் பத்தியே வீண். புதிய மாணவர்களை எடுக்கிறேன், எடுக்கவில்லை என்று சிலர் லேப் பக்கத்திலேயே எழுதிவைத்திருப்பார்கள், அதையும் பாருங்கள். அப்புறம் குறைந்தது ஒரு பேப்பரின் அறிமுகத்தையும் முடிவுரையையும் படித்துவிட்டு, உங்கள் வேலை அதோடு எங்கே தொடுகிறது என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். நம் சிவில் மாணவி என்றால், 'அறை வெப்பத்தில் இறுகும் கலவைகளில் இறுகும் நேரத்தைக் கட்டுப்படுத்துவது பற்றி உங்கள் குழு செய்யும் வேலை நான் நின்றுபோன இடத்திலிருந்து தொடங்குகிறது' என்கிற மாதிரி. புகழ்ச்சி தேவையே இல்லை.

எம்எஸ் கோர்ஸ்வொர்க் மட்டும் (ஆராய்ச்சி இல்லாமல் பாடங்கள் மட்டும்) என்றால் பேராசிரியர்களைவிடப் பாடங்கள் முக்கியம். எந்தெந்தப் பாடம் உங்களுக்கு இருக்கிற எந்த இடைவெளியை நிரப்பும் என்று எழுதுங்கள், பாடக் குறியீட்டு எண்ணை அடுக்க வேண்டாம். பிஎச்டி என்றால் ஆள்தான் முக்கியம், ஏனென்றால் பல இன்ஜினியரிங் துறைகளில் உங்களுக்குச் சம்பளம் வருவதே அந்தப் பேராசிரியரின் ஆராய்ச்சி நிதியிலிருந்துதான். பயாலஜி மாதிரித் துறைகளில் பல இடங்களில் முதலாண்டு இரண்டு மூன்று லேப்களில் மாறி மாறி வேலை பார்த்த பிறகே ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அங்கே ஒரே பேராசிரியரைக் கட்டிக்கொண்டு அழுவதைவிட மூன்று பேரைச் சொல்வது நல்லது.

எதிர்காலத் திட்டம் பற்றி ஒரு வார்த்தை. 'படித்து முடித்து இந்தியாவுக்குத் திரும்பி வந்து நாட்டுக்குச் சேவை செய்வேன்' என்று எழுதினால்தான் விசா கிடைக்கும் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. பல்கலைக்கழக எஸ்ஓபி வேறு, விசா வேறு. விசா கேள்விகளுக்குத் தூதரகத்தில் பதில் சொல்லிக்கொள்ளலாம். ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் விசாவுக்கென்றே தனிக் கேள்விகள் வைத்திருக்கின்றன, அங்கே விண்ணப்பிப்பவர்கள் அதைத் தனியாக எழுதுங்கள். திரும்பி வருவதுதான் உண்மையான எண்ணம் என்றால் தாராளமாக எழுதலாம், ஆனால் வந்து எந்த வேலையை, எந்த மாதிரி இடத்தில் என்று சேர்த்து எழுதுங்கள்.

பர்சனல் ஸ்டேட்மென்ட் தனியாகக் கேட்டால்

நம் பிள்ளைகளில் பலருக்கு இதில் எழுத நிறைய இருக்கிறது, ஆனால் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள், அல்லது வறுமையை மட்டும் எழுதி இரக்கம் தேடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதை எழுதுங்கள். தாசில்தார் ஆபீஸில் வாங்கிய முதல் பட்டதாரிச் சான்றிதழ் இங்கே கல்விக் கட்டணச் சலுகைக்கு உதவியதோடு நின்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் பெற்றோர் கல்லூரிப் படிப்பு முடிக்காத வீட்டிலிருந்து வரும் மாணவர்களைத் தனியாகக் கவனிக்கிறவைதான். ஆனால் 'அப்பா கூலி வேலை' என்பதோடு நிறுத்தாதீர்கள். கவுன்சலிங் விவரம் சொல்ல வீட்டில் ஆள் இல்லாததால் நீங்களே என்னென்ன விசாரித்தீர்கள், அதைக் கற்றுக்கொண்டு அடுத்த வருஷம் உங்கள் அரசுப் பள்ளி ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தீர்களா, விடுதியில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுத்தீர்களா, அதுவரை போங்கள். படிக்கிறவர் உங்களைப் பார்த்துப் பாவப்படக் கூடாது, இந்த ஆள் நம் துறைக்கு வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டும்.

எஸ்ஓபியில் எழுதிய ப்ராஜெக்டை இங்கே மறுபடி எழுத வேண்டாம். இரண்டையும் ஒரே ஆள்தான் படிப்பார்.

'நீயே எழுதிட்டு வாப்பா, கையெழுத்துப் போடறேன்'

எஸ்ஓபிக்கும் பரிந்துரைக் கடிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நம் கல்லூரிகளில் இந்த வசனம் சகஜம். மூன்று கடிதமும் நீங்களே எழுதி, எஸ்ஓபியும் நீங்களே எழுதினால் நான்கிலும் ஒரே நடை, ஒரே பெயரடைகள், சில சமயம் ஒரே எழுத்துப் பிழை. படிக்கிறவருக்கு இது தெரியாமல் போகாது. சாரிடம் மரியாதையாக, 'சார், நான் எழுதினா நல்லா இருக்காது, உங்களுக்கு ஞாபகம் வர்றதுக்காக நான் செஞ்சதையெல்லாம் ஒரு பக்கத்துல எழுதித் தர்றேன், உங்க வார்த்தையில எழுதுங்க சார்' என்று கேட்டுப் பாருங்கள். எஸ்ஓபி வரைவையும் கூடவே கொடுங்கள். பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். உங்கள் வேலையை அருகில் இருந்து பார்த்த உதவிப் பேராசிரியர் எழுதும் கடிதம், உங்கள் முகமே தெரியாத எச்ஓடி எழுதுவதைவிடக் கனமானது. கடிதம் ஏற்ற அவருக்கு வரும் லிங்க் கல்லூரி மின்னஞ்சலுக்கே வரும்படி பாருங்கள், ஜிமெயில் முகவரியைச் சில இடங்களில் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

கன்சல்டன்சியும் ஏஐயும்

கன்சல்டன்சியில் எழுதித் தருகிற எஸ்ஓபிகளில் ஒரு அச்சு இருக்கும், ப்ராஜெக்ட் பெயர் மட்டும் மாறும். பட்டியல் தயாரிக்க, படிவம் நிரப்ப, வங்கிக் கடன் விவரம் கேட்க அவர்களிடம் போங்கள், எழுத்தை மட்டும் கொடுக்காதீர்கள். சாட்ஜிபிடி போன்றவையும் கிட்டத்தட்ட அதே அச்சைத்தான் தரும், கொஞ்சம் வழவழப்பாக. ஏஐ பற்றி ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒவ்வொரு விதி, சில இடங்களில் நானே எழுதினேன் என்று டிக் செய்யச் சொல்வார்கள், அதைப் படித்துவிட்டுத்தான் தொட வேண்டும். அனுமதி இருக்கும் இடத்தில் இலக்கணம் பார்க்க வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது 'திருத்தி'க் கொடுத்ததை அப்படியே ஏற்காதீர்கள், உதிர்ந்த க்யூபை எடுத்துவிட்டு 'மதிப்புமிக்க சவால்களை எதிர்கொண்டேன்' என்று போட்டிருக்கும்.

சீனியர்களின் எஸ்ஓபி படிக்கலாமா? படியுங்கள், அளவும் அமைப்பும் புரியும். படித்துவிட்டு மூடிவைத்த பிறகு எழுதுங்கள். ஒரு வாக்கியத்தைக்கூட எடுக்காதீர்கள், காப்பி பிடிக்கும் மென்பொருள் பல இடங்களில் ஓடுகிறது, அந்தச் சீனியரும் அதே பல்கலைக்கழகத்துக்குத்தான் அனுப்பியிருப்பார்.

கடைசிக் கட்டம்

இரண்டு பேரிடம் கொடுத்தால் போதும். ஒருவர் உங்கள் துறை தெரிந்தவர், இன்னொருவர் தெரியாதவர். பத்துப் பேரிடம் கொடுத்தால் பத்துப் பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்து, கடைசியில் யாருடைய எழுத்தும் இல்லாத ஒன்று வரும். துறை தெரிந்தவரிடம் 'இதில் டெக்னிக்கலாக எது தப்பு' என்று கேளுங்கள், தெரியாதவரிடம் 'எந்த இடத்தில் போரடித்தது' என்று கேளுங்கள். 'நல்லா இருக்கு' என்ற பதிலை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

ஆங்கிலம் எளிமையாக இருந்தால் போதும். 'எஸ்டீம்ட் யுனிவர்சிட்டி'யை நீக்குங்கள், எந்தப் பல்கலைக்கழகமும் தன்னை அப்படி அழைத்துக்கொள்வதில்லை. லட்சம், கோடி என்று எழுதியிருந்தால் எண்ணாக மாற்றுங்கள். சத்தமாகப் படித்துப் பாருங்கள், மூச்சு வாங்குகிற இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள்.

ஏற்றுவதற்கு முன் பல்கலைக்கழகத்தின் பெயரை ஃபைலில் தேடிப் பாருங்கள். பர்டூ பல்கலைக்கழகத்துக்குப் போகிற எஸ்ஓபியில் ஏஎஸ்யூ (அரிசோனா ஸ்டேட்) பெயர் இருப்பது வருஷா வருஷம் நடக்கிறது. ஃபைல் பெயரில் 'ஃபைனல் ஃபைனல் 3' வேண்டாம், உங்கள் பெயரும் எஸ்ஓபி என்பதும் போதும். வேர்டில் ட்ராக் சேஞ்சஸ், கமென்ட் எல்லாம் போய்விட்டதா என்று பிடிஎஃப் ஆக்கிய பிறகு திறந்து பாருங்கள். பெட்டியில் ஒட்டினால் பத்தி இடைவெளி போயிருக்கும், அதைச் சரிசெய்யுங்கள். கெடு நேரம் எந்த நாட்டு நேரப்படி என்பதையும் பாருங்கள், பெரும்பாலும் அங்கத்திய இரவு 11:59. அதற்குள் நமக்கு மறுநாள் பகலாகியிருக்கும், ஆனால் அந்தத் தைரியத்தில் கடைசி மணி நேரத்துக்கு வைக்காதீர்கள், கார்டு பேமென்ட் அப்போதுதான் மக்கர் பண்ணும்.

அனுப்பியதும் ஒவ்வொன்றின் பிரதியையும் தனி ஃபோல்டரில் வையுங்கள். பிஎச்டிக்கு விண்ணப்பித்தவர்களைச் சில பேராசிரியர்கள் ஜனவரி, பிப்ரவரியில் ஜூமில் கூப்பிடுவார்கள், கையில் உங்கள் எஸ்ஓபியை வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். அந்த அழைப்பு வந்தால் அதற்கு முந்தின நாள், எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எதை எழுதினோம் என்று ஒருமுறை படித்துவிட்டு உட்காருங்கள்.